சோளக்காட்டுச் சிலுவையடி

பிரான்ஸில் சைக்கிள் ஓடுவதற்கு மே மாதம்தான் நல்லது என்று பலரும் சொல்வார்கள். என்னைக் கேட்டால் செப்டெம்பர் என்பேன். பள்ளிக்கூடங்கள் தொடங்கிவிடுவதால் சின்ன வீதிகளில் கார்கள் குறைவு. வெயிலும் சுடாது. பிரான்ஸின் மேற்குக் கரையில் இருக்கிற பிரித்தானிப் பக்கத்தில் சோளம் ஆள் உயரத்துக்கு வளர்ந்து, அறுவடைக்கு முன்னால் வீதியின் இரண்டு கரையிலும் மதில் மாதிரி நிற்கும். அதற்கு நடுவே ஓடும்போது அடுத்த வளைவுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று தெரியாது. எனக்கு அது பிடிக்கும்.

நீ போனைப் பதிவில் போட்டு மேசையில் வைத்துவிட்டாய், ஜெசிக்கா. நல்லது. நான் வழக்கமாகக் கதைக்கிற மாதிரிக் கதைத்தால் உன் போனும் பாதியைத்தான் பிடிக்கும், உனக்கும் பாதிதான் விளங்கும். அதனால் ஞாயிறு பூசையில் வாசகம் வாசிக்கிற தமிழில் ஆறுதலாகச் சொல்கிறேன். உன் அம்மா குசினியில் நிற்கிறாள். அடுப்புக்கு மேலே இருக்கிற காற்றாடியைப் போட்டிருக்கிறாள். அது ஓடினால் இந்தப் பக்கம் கூரை விழுந்தாலும் அவளுக்குக் கேட்காது. அதைக் கழற்றிப் புதிது போட வேண்டும் என்று உன் அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். செய்து முடிக்கவில்லை.

நீ கேட்டது ஒரு கேள்விதான். "மாமா, தாஹிர் அங்கிளுக்குச் சொன்னீங்கள். பிரதீப்குமார் அங்கிளுக்கும் சொன்னீங்கள். அப்பாக்கு மட்டும் ஏன் சொல்லேல்லை?"

நேற்று உன் அப்பாவின் முதலாம் ஆண்டுத் திருப்பலி முடிந்து மண்டபத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தாஹிர் உன்னிடம் சொன்னதை நானும் பக்கத்துக் கதிரையில் இருந்து கேட்டேன். "ஞானேந்திரன் அண்ணன் பிரேக் மாறியிருக்கெண்டு சொல்லாட்டி, அண்டைக்கு நானும் கவிண்டிருப்பன் மகள்" என்றான். என்னைப் புகழ்ந்துதான் சொன்னான், பாவம். நீ கரண்டியைக் கீழே வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு நீ ஒன்றும் சாப்பிடவில்லை. கேள்வி வரும் என்று எனக்கு அப்போதே தெரியும்.

பிரேக் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அவுஸ்திரேலியாவில் விற்கிற சைக்கிளில் வலது கைப் பிரேக் முன் சில்லைப் பிடிக்கும், இடது கைப் பிரேக் பின் சில்லைப் பிடிக்கும். பிரான்ஸில் வாடகைக்குத் தருகிற சைக்கிளில் இது மாறி இருக்கும். அங்கே இடது கைதான் முன் சில்லு. இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்தால் எந்த வித்தியாசமும் தெரியாது, ஒரு வாரம் ஓடினாலும் தெரியாது. இறக்கத்தில் இடது கையால் மட்டும் இறுக்கிப் பிடித்தால் முன் சில்லு நின்றுவிடும், ஆள் நிற்கமாட்டார்.

இறக்கத்தில் யார் ஒரு கையை விடுவார் என்று நீ கேட்கலாம். உன் அப்பா விடுவார்.

உன் அப்பா பாஸ்கர் பிறப்பில் சைவம் என்பது உனக்குத் தெரியும். மன்னாரில் உன் அம்மாவைக் கட்டுவதற்காக ஞானஸ்நானம் பெற்றார். அவருக்கு மறைக்கல்வி சொல்லிக்கொடுத்ததும் நான், ஞானத்தந்தையாக நின்றதும் நான். எங்கள் வீட்டு முன்விறாந்தையில் இருந்துதான் சிலுவை அடையாளம் போடப் பழக்கினேன். நெற்றி, நெஞ்சு, இடது தோள், வலது தோள். அவர் அவசரத்தில் இடது கையைத் தூக்குவார். நான் தட்டிவிடுவேன். "வலது கை, மச்சான். எப்பவும் வலது கைதான்" என்பேன். கோவிலையோ சிலுவையையோ கண்டால் நடந்து போனாலும், பஸ்ஸில் போனாலும், சைக்கிளில் போனாலும் போடாமல் தாண்டக் கூடாது என்றும் சொன்னேன். பிறவிக் கத்தோலிக்கரான நாங்கள் இதில் எவ்வளவோ சாக்குப்போக்குச் சொல்வோம். அவர் ஒருநாளும் விட்டதில்லை.

சனிக்கிழமைகளில் நாங்கள் நான்கு பேரும் கிரெய்கிபர்னில் இருந்து சைக்கிள்களைக் காரில் கட்டிக்கொண்டு த பேசின் மலைப்பக்கம் போவோம். தாஹிர் வருவான், பிரதீப்குமார் வருவான். மலையில் ஏறி, இறங்கி, கோப்பி குடித்துவிட்டு வருவோம். அங்கே விநாயகர் கோவிலைத் தாண்டும்போதும் உன் அப்பா நெற்றியில் கையை வைத்துவிடுவார். தாஹிர் விடமாட்டான். "என்ன மச்சான், அங்கயும் சிலுவை போடுறீர்?" என்பான். "பழைய முதலாளி, தாஹிர். கண்டும் காணாமப் போனா மரியாதை இல்லை" என்பார் உன் அப்பா. எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். அவருடன் இருந்தால் சிரிக்காமல் இருப்பது கஷ்டம்.

நான் எப்போதும் கடைசி ஆளாகத்தான் ஓடுவேன். யாருக்காவது காற்றுப் போனால் உதவிக்கு ஒருவர் பின்னால் இருக்க வேண்டும். எனக்கு முன்னால் உன் அப்பா. வருடக்கணக்காக அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டு ஓடியிருக்கிறேன். இறக்கத்தில் ஒரு கோவில் வந்தால் வலது கை நெற்றிக்குப் போகும், இடது கை பிரேக்கை இறுக்கும். இங்கே அது பின் சில்லு என்பதால் சைக்கிள் சாதுவாக வேகம் குறையும், அவ்வளவுதான். இதைக் கவனிக்க வேண்டும் என்று நான் கவனிக்கவில்லை. நகரசபை ஒன்றின் வீதிப் பகுதியில் வரைபடம் கீறுகிற வேலை செய்தவன் நான். ஒரு வளைவில் சனங்கள் என்ன செய்வார்கள் என்று பார்ப்பது கண்ணுக்குப் பழகிவிட்டது.

இனி வீட்டு விஷயம். அதைச் சொல்லாவிட்டால் நீ என்னைத் தப்பாக நினைப்பாய்.

இந்த வீடு என்னுடையது. உன் அம்மாவையும் அப்பாவையும் நாட்டில் இருந்து கூப்பிட்டபோது, தனியாக வீடு பார்க்க வேண்டாம், இங்கேயே இருக்கலாம் என்றேன். நீ பிறந்து இந்த வீட்டுக்குத்தான் வந்தாய். நான் கல்யாணம் கட்டவில்லை. கட்டாததற்குக் காரணம் நீங்கள்தான் என்று சொல்ல மாட்டேன், ஆனால் எனக்குக் குறை ஒன்றும் இருந்ததில்லை. மாலையில் வந்தால் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். மேசையின் தலைப்பில் என் கதிரை. சாப்பாட்டுச் செபம் நான் தொடங்குவேன், மற்றவர்கள் சேர்ந்து சொல்வார்கள். சின்னப்பிள்ளையில் நீ கண்ணை மூடாமல் கோழிக்காலைப் பார்த்துக்கொண்டிருப்பாய்.

பிறகு நீ சிட்னிக்கு வேலைக்குப் போனாய். பரமட்டாவில் கல்யாணம், வீடு, பிள்ளை. உன் மகனின் ஞானஸ்நானத்துக்கு எல்லோரும் வந்தோம். நல்ல விருந்து. உன் மாமியாரின் இறால் பொரியலை இன்றைக்கும் சொல்வேன். அன்று சாப்பிட முதல் உன் அப்பா எழுந்து நின்று செபத்தைத் தொடங்கினார். பேரன் பிறந்த சந்தோஷம், செய்துவிட்டார். எனக்குச் சுவர்ப்பக்கமாக ஒரு கதிரை கிடைத்திருந்தது. அங்கிருந்து 'ஆமென்' சொன்னேன்.

அதற்கு அடுத்த மாதம் ஒரு ஞாயிறு, இந்த மேசையில் வைத்துச் சொன்னார்கள். உன் வீட்டுக்குக் கிட்ட ஒரு வீடு பார்த்திருப்பதாக, பிரான்ஸ் பயணம் முடிந்து வந்ததும் சிட்னிக்கு மாறப்போவதாக. உன் அம்மா என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மீன் குழம்பு நன்றாக இருக்கிறது என்றேன்.

எனக்குக் கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது, அதுவும் உன் அம்மாவை நினைத்து. என் தங்கச்சி மாக்கிறேட்டுக்கு மூச்சு இழுப்பு இருக்கிறது. கார் ஓட்டத் தெரியாது. செபக்கூட்டம், தெரிந்த வைத்தியர், மீன்கடை எல்லாம் இங்கே இருக்கின்றன. சிட்னியில் உங்களுக்கு வேலை, அவள் உன் பிள்ளைக்கு ஆயாவாக நாலு சுவருக்குள் கிடப்பாள். அவளைச் சின்ன வயதில் இருந்து வளர்த்தவன் நான். அவளுக்கு எது ஒத்துவரும் என்று எனக்குத் தெரியும். அவளுக்காக ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்று பட்டது.

பாதையை நான்தான் போடுவேன், அது எப்போதும் என் பொறுப்பு. ஊரில் தலவிலவுக்குப் போய், மாதாவின் தாய் அன்னம்மாளைக் கும்பிட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். பிரான்ஸில் அன்னம்மாளுக்குப் பெரிய யாத்திரைத் தலம் பிரித்தானியில் இருக்கிறது என்று தெரிந்தபோது உன் அப்பாதான் முதலில் துள்ளினார். முதலில் நான் போட்ட பாதை கால்வாய்க் கரையோடு போகிறது. மட்டமான பாதை, மரநிழல், சின்னப்பிள்ளையும் ஓடலாம். அதை மாற்றினேன். இப்போது கணினியிலேயே ஒவ்வொரு வீதியிலும் நின்று சுற்றிப் பார்க்கலாம். சாப்பிட்ட பிறகு இந்த மேசையில் இருந்து ஒவ்வொரு ஊராகப் பார்த்தேன். உன் அப்பா தேத்தண்ணி கொண்டுவந்து பக்கத்தில் வைப்பார். "மச்சான், கண்ணைக் கெடுக்காதேயும்" என்பார்.

பிரித்தானியில் சந்திக்குச் சந்தி கல்லுச் சிலுவை நட்ட சிலுவையடி. சில இடங்களில் படிக்கட்டு வைத்து, சுற்றிவரச் சொரூபங்கள் செதுக்கி, ஐந்நூறு அறுநூறு வருடப் பழையவை. நான் தேடியது அழகானதாகவும் இருக்க வேண்டும். அதில் நான் குறை வைக்கவில்லை. கடைசியில் கிடைத்தது. ஒரு காட்டுக் கரையில் இருந்து வீதி செங்குத்தாக இறங்குகிறது, இரண்டு பக்கமும் சோளம், இறக்கத்தின் அடியில் வீதி சட்டென்று இடப்பக்கம் திரும்புகிறது. திரும்புகிற இடத்தில் வலக்கரையில் சிலுவை. அடியில் அன்னம்மாள், மடியில் குழந்தை மாதா, பாசி பிடித்த கல்லுப்படி. அதை முதல் நாள் பாதையில் வைத்தேன். அதற்கு முன்னால் வருகிற சிலுவைகள் எல்லாம் மட்டமான நிலத்தில் வருகிற மாதிரிப் பார்த்துக்கொண்டேன். மட்டமான நிலத்தில் பிரேக் தேவைப்படாது.

வாடகைக் கடையில் நடந்ததுதான் நீ கேட்டது. கடைப் பெட்டை சைக்கிள்களை வெளியே எடுத்து வைத்தாள். உன் அப்பா முன்னால் இருந்த வெதுப்பகத்துக்குப் போய்விட்டார். எங்கே போனாலும் எல்லோருக்கும் சாப்பாடு வாங்கிவருவது அவர்தானே. அந்த நேரம் பார்த்துத் தாஹிரையும் பிரதீப்குமாரையும் கூப்பிட்டு, "இடது கைதான் முன் பிரேக். மறந்திடாதேங்கோ" என்று சொன்னேன். அவர்களுக்கு ஒன்றும் நடக்கக் கூடாது என்பதில் கவனமாக இருந்தேன். தாஹிருக்கு மூன்று பிள்ளைகள்.

உன் அப்பா காகிதப் பையோடு வந்தார். எனக்கு ஒரு குறொசான் தந்தார், இன்னும் சூடாக இருந்தது. "மச்சான், பிரெஞ்சில கேட்டு வாங்கினனான். கடைக்காரிக்கு விளங்கிட்டுது பாரும்" என்றார். மீசையில் மா ஒட்டியிருந்தது. நான் சாப்பிட்டேன். அப்போது சொல்லியிருக்கலாம். வாய் நிறைய இருந்தது.

இது மட்டும்தான் என்றால் மறதி என்று நீயும் விட்டுவிடலாம், நானும் சொல்லியிருப்பேன். ஆனால் நீ என்னிடம் மரியாதையாகக் கேட்டாய். அரைகுறையாகச் சொல்வது எனக்குப் பழக்கமில்லை.

காட்டுக் கரையில் வைத்து மற்ற இருவரையும் முன்னால் அனுப்பினேன். அடுத்த ஊரில் கோப்பிக் கடை இருக்கிறது, அங்கே நில்லுங்கள் என்றேன். தாஹிர் சிலுவையைப் பார்க்காமலே வளைவில் திரும்பிப் போயிருப்பான். பிரதீப்குமார் எப்போதும் நின்று இறங்கித்தான் கும்பிடுவான், அன்று கோப்பி அவசரம். அவர்கள் போன சத்தம் அடங்கிய பிறகு உன் அப்பா இறங்கத் தொடங்கினார். நான் பின்னால்.

நான் ஒன்றைக் கணக்கில் எடுக்கவில்லை. கணினியில் நான் பார்த்த படங்கள் எடுக்கப்பட்டது வசந்த காலத்தில். நாங்கள் போனபோது சோளம் வளர்ந்து சிலுவையைப் பாதிக்கு மேல் மறைத்துவிட்டது. உன் அப்பா இரண்டு கையாலும் பிரேக்கைப் பிடித்தபடி, கண்ணை வீதியில் வைத்து, மிகவும் கவனமாக இறங்கிக்கொண்டிருந்தார். அவர் காணப்போவதில்லை என்று எனக்குத் தெரிந்தது. அந்த வேகத்தில் அவர் வளைவைத் தாண்டியிருப்பார். பின்னேரம் எல்லோரும் அன்னம்மாள் கோவிலில் மெழுகுதிரி ஏற்றியிருப்போம்.

நான் பின்னால் இருந்து கூப்பிட்டேன். "மச்சான், வலப்பக்கம் சிலுவையடி" என்றேன்.

அவர் தலையைத் திருப்பினார். வலது கை நெற்றிக்குப் போனது. பிறகு வளைவைக் கண்டிருக்க வேண்டும், இடது கை இறுக்கியது.

தலைக்கவசம் போட்டிருந்தார், அதில் கீறல்கூட இல்லை. கழுத்துத்தான். கல்லுப்படியில் சரிந்து கிடந்தார். வலது கை நெஞ்சில் இருந்தது. நெற்றியும் நெஞ்சும் முடித்திருந்தார், தோள் இரண்டும் மிச்சம். அப்படி அரைகுறையாக விடுவது சரியில்லை என்று பட்டது. அந்தக் கையை எடுத்து இடது தோளில் வைத்து, பிறகு வலது தோளில் வைத்து, ஆமென் சொன்னேன். அவர் கண் திறந்திருந்தது. "மச்சான்" என்றார். எனக்குக் கேட்டது.

நான் பக்கத்தில் முழந்தாளில் இருந்து செபமாலை சொன்னேன். சாகப்போகிற கிறிஸ்தவனுக்குச் செய்ய வேண்டியது அதுதான், அவருக்கு நான் ஞானத்தந்தை. முழுவதையும் சொன்னேன், ஒரு மணியும் விடவில்லை, அவசரப்படவும் இல்லை. பாதியளவில் அவருடைய மூச்சு நின்றுவிட்டது என்று நினைக்கிறேன். முடித்து, செபமாலையைப் பைக்குள் வைத்துவிட்டுத்தான் அம்புலன்ஸுக்குப் போன் எடுத்தேன். அவர்கள் சீக்கிரம் வந்தார்கள். கிராமம் என்றாலும் நல்ல ஒழுங்கு.

நீ ஏன் எழும்புகிறாய்? இரு. இன்னும் கொஞ்சம்தான்.

இதை நீ பொலிசுக்குக் கொடுக்கலாம். கொடு. ஒரு பாதை போட்டதற்கும், ஒரு சிலுவையைக் காட்டியதற்கும், செபம் சொன்னதற்கும் அவர்கள் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அம்மாவுக்குப் போட்டுக் காட்டமாட்டாய். அவள் புருஷனை இழந்தவள். கூடப் பிறந்தவனையும் அவளிடம் இருந்து எடுக்க உனக்கு மனம் வராது. அந்த நம்பிக்கையில்தான் இவ்வளவும் சொன்னேன். அவளை நாளைக்குச் சிட்னிக்குக் கூட்டிப்போக வந்திருக்கிறாய், தெரியும். அவள் வரமாட்டாள். அப்பா இங்கே அல்லவா அடக்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் நான்தான் கல்லறைக்குக் கூட்டிப்போகிறேன். பூச்செண்டைக்கூட நான்தான் தெரிந்தெடுப்பேன். இந்த ஒரு வருடத்தில் அவளுக்கு இழுப்பு வந்ததே இல்லை, கேட்டுப்பார்.

மாமா தனியாகக் கிடக்கப் பயந்துதான் செய்தார் என்று நீ நினைத்தால் அது பிழை. தனியாக விட அவர்கள் நினைக்கவில்லை. இதை உனக்குத் தெரியாது என்று நினைத்துச் சொல்கிறேன், தெரிந்திருந்தாலும் பரவாயில்லை. பயணத்துக்கு முந்தின வாரம் பாஸ்கர் என் அறைக்கு வந்தான். அந்தச் சிட்னி வீட்டின் படத்தைப் போனில் காட்டினான். "மச்சான், உமக்குக் கீழ்த்தட்டில அறை எடுத்து வச்சிருக்கு. படி ஏறத் தேவையில்லை. உம்மை விட்டிட்டு நாங்கள் எங்க போறது?" என்றான். கண் கலங்கியிருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான். ஜன்னல் உள்ள நல்ல அறைதான், குளியலறையும் பக்கத்தில். விருந்தாளிகளுக்குக் கொடுக்கிற மாதிரி அறை. அவன் வீட்டில். அவன் மேசையில்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அன்றைக்குத்தான் கால்வாய்ப் பாதையை அழித்தேன்.

ஆனால் அதையெல்லாம் இப்போது பேசி என்ன. நான் செய்தது மாக்கிறேட்டுக்காக. அது அவளுக்கே ஒருநாள் விளங்கும்.

போனை நிறுத்து, மகள். நேரமாகிவிட்டது. குசினிக் காற்றாடி நின்று எவ்வளவோ நேரமாகிறது, நீயும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை. கறி அடிப்பிடிக்கிற மணம் வருகிறது. உன் அம்மா ஒருநாளும் அப்படி விடுகிறவள் அல்ல. மேசை போடுகிற அவசரத்தில் மறந்திருப்பாள். கதவும் திறந்துதான் கிடக்கிறது, அவளுடைய நிழல் தெரிகிறது பார். எங்களைச் சாப்பிடக் கூப்பிடத்தான் வந்து நிற்கிறாள். வா, போவோம். நான் வந்து செபத்தைத் தொடங்கும்வரை அவள் ஒரு வாய் சோறும் தொடமாட்டாள்.